கடலை மிட்டாயும் எட்டுத் துண்டுக் கதவும்

சென்னை போகிற ரயில் கோவில்பட்டியில் நின்றால் முதலில் ஏறுவது ஆள் அல்ல, கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின பதார்த்தம். கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை, வெல்லப்பாகு, அதற்குமேல் ஊர்ப்பெருமை. ஐம்பது தாண்டிய ஒருவர் கண்டிப்பாக ஒரு பாக்கெட் வாங்குவார். 'பேரனுக்கு' என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்காமலே சொல்வார். சாத்தூர் வருவதற்குள் பேரன் பங்கில் பாதி காலி. விருதுநகரில் பாக்கெட்டே காலி. சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரைப் பட்டை இருக்கும். 'அதான் மாத்திரை போடுறோம்ல!'

அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று அவரைக் கேளுங்கள். 'சுகரைக் குறைக்கும்.' எப்படி? 'அதெல்லாம் டாக்டருக்குத்தான் தெரியும், தம்பி.'

வேடிக்கை என்னவென்றால், டாக்டர்களுக்கும் ரொம்ப நாள் தெரியாது. சல்ஃபோனில்யூரியா என்கிற இந்த மாத்திரைக் குடும்பம் 1950-களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. டயோனில் என்று நம் தாத்தாக்கள் போட்டதும், கிளிமிபிரைடு என்று நம் சித்தப்பாக்கள் போடுவதும் இந்தக் குடும்பம்தான். (மெட்ஃபார்மின் வேறு குடும்பம், அதை இதில் சேர்க்காதீர்கள்.) இது உடம்பில் எதைப் பிடித்து அமுக்குகிறது என்று எண்பதுகளில் லேசாகத் தெரிந்தது. பிடிபட்ட ஆசாமியின் முழு விலாசம் கிடைத்தது 1995-ல்தான். அந்த ஆசாமி ஒரு கதவு. எட்டுத் துண்டுகளைக் கோத்துச் செய்த, கண்ணுக்குத் தெரியாத சின்னக் கதவு.

கதவுக்கு வருமுன் வீட்டைப் பார்த்துவிடுவோம்.

வயிற்றுக்குப் பின்னால் சத்தம் போடாமல் படுத்திருக்கும் உறுப்பு கணையம். அதற்குள் தீவுத் திட்டுகள் மாதிரி செல் கூட்டங்கள் சிதறிக் கிடப்பதை 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர் பார்த்தார். எதற்காக இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. பார்த்ததை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மனிதருக்குச் சுமார் பத்து லட்சம் திட்டுகள். அங்கே இருக்கிற பீட்டா செல்களில்தான் இன்சுலின் சரக்கு, சின்னச் சின்னப் பைகளில் கட்டித் தயாராக இருக்கிறது. உத்தரவு வந்தால் பையை வெளியே தள்ளவேண்டும். உத்தரவு போடுவது யார்?

அதுதான் பொட்டாசியம் கதவு.

பொட்டாசியத்தைக் கோவில்பட்டிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. தீக்குச்சி மருந்தில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். சம்சாரி வயலுக்குப் போடுவது பொட்டாஷ். நம் செல்களுக்குள்ளும் அது கொட்டிக் கிடக்கிறது. வெளியே இருப்பதைப்போல ஏறத்தாழ முப்பது மடங்கு. கூட்டம் அதிகமான இடத்திலிருந்து யாருக்கும் வெளியே போகத்தானே தோன்றும்? பீட்டா செல் சும்மா இருக்கும்போது அதன் சுவரில் உள்ள பொட்டாசியம் கதவுகள் திறந்திருக்கின்றன. பொட்டாசியம் கசிந்து போய்க்கொண்டே இருக்கிறது. அது பாசிட்டிவ் சார்ஜ் உள்ள ஆள். அது வெளியேற வெளியேற, செல்லின் உள்பக்கம் நெகட்டிவ் ஆகிறது. சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். இந்த மைனஸ் இருக்கிறவரை செல் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய குமாஸ்தா மாதிரி கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இப்போது கடலை மிட்டாய் உள்ளே போகிறது. வெல்லம் குளுகோஸாக உடைந்து ரத்தத்தில் ஏறுகிறது. பீட்டா செல் அந்தக் குளுகோஸை உள்ளே இழுத்து எரிக்கிறது. எரித்தால் கிடைப்பது ஏ.டி.பி. என்கிற மூலக்கூறு. அது செல்லின் ரொக்கப் பணம். கையில் ரொக்கம் ஏறியதும் அந்த ஏ.டி.பி.யே போய்க் கதவின் உள்பக்கத்தில் உட்காருகிறது. கதவு சாத்திக்கொள்கிறது. கசிவு நின்றுவிடுகிறது. மைனஸ் கரைகிறது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த வேறொரு கதவு, கால்சியம் கதவு, திறந்துகொள்கிறது. கால்சியம் திமுதிமுவென்று உள்ளே புக, இன்சுலின் பைகள் சுவரோடு ஒட்டி வாயைத் திறக்கின்றன. சரக்கு ரத்தத்தில்.

மேனேஜர் அறைக்கதவு சாத்திய பிறகுதான் முக்கியமான ஃபைல் நகரும் என்பது நம் ஆபீஸ்களில் எல்லாருக்கும் தெரியும். பீட்டா செல்லும் அதே கட்சி. கதவு திறந்திருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

*

இந்தக் கதவை முதலில் பார்த்தது கணையத்தில் அல்ல. 1983-ல் அகினோரி நோமா என்ற ஜப்பானியர் இதயத் தசை செல்லில் பார்த்தார். மறுவருஷமே பீட்டா செல்லிலும் இருப்பது தெரிந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃபிரான்சஸ் ஆஷ்கிராஃப்டும் அவருடைய கூட்டாளிகளும் எலியின் பீட்டா செல்லில் ஒற்றைக் கதவைத் தனியாகப் பிடித்து, குளுகோஸ் கொடுத்தால் அது சாத்திக்கொள்வதைக் காட்டினார்கள்.

சரி, கதவு எந்த மரத்தில் செய்தது? இங்கேதான் பதினோரு வருஷ இழுபறி. 1995-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் லிடியா அகிலர் பிரையன், ஜோசஃப் பிரையன் குழு ஒரு புரதத்தைப் பிடித்தது. மாத்திரை வந்து ஒட்டுகிற புரதம் அதுதான். பெயர் சர் 1. ('சார்' இல்லை, சர்.) அதைத் தனியாக ஒரு செல்லில் செய்யவைத்தால் கதவு வேலை செய்யவில்லை. அதே வருஷம் ஜப்பானில் சுசுமு செய்னோ குழு கிர் 6.2 என்ற இன்னொரு புரதத்தைக் கண்டுபிடித்தது. அதைத் தனியாகச் செய்யவைத்தாலும் பலனில்லை. இரண்டையும் ஒரே செல்லில் சேர்த்துச் செய்யவைத்தார்கள். கதவு திறந்து மூடியது.

இதைக் கேட்டதும், தீப்பெட்டி ஆபீஸில் ரொம்ப வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்ந்த ஓர் அண்ணாச்சி என்னிடம், "இதுக்கா தம்பி பதினோரு வருஷம்? எங்க ஊர்ல கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்போம்லா" என்றார்.

(வெளியூர் வாசகர்களுக்கு: கோவில்பட்டிப் பக்கம் ஒரு அக்கா 'ஆபீஸுக்குப் போறேன்' என்றால் டைப்ரைட்டரை நினைக்கக்கூடாது. தீப்பெட்டிக் கம்பெனிக்குத்தான் அங்கே ஆபீஸ் என்று பேர்.)

அண்ணாச்சி சொன்னது நியாயம். குச்சித் தலையில் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். குச்சியைச் சுவரில் தேய்த்தால் பற்றாது. பெட்டியை வெறும் கட்டையால் தேய்த்தாலும் பற்றாது. இரண்டும் சேரவேண்டும். கிர் 6.2, சர் 1 கதையும் அதுதான். ஒன்று ஓட்டை, இன்னொன்று அந்த ஓட்டைக்கு வாட்ச்மேன்.

ஆனால் ஜோடிப் பொருத்தம் ஒன்றுக்கு ஒன்று என்று நினைத்தால் தப்பு. நாலு கிர் சேர்ந்து நடுவில் ஒரு ஓட்டை. அதைச் சுற்றி நாலு சர். மொத்தம் எட்டு. 1997-ல் இந்தக் கணக்கு நிரூபணமாயிற்று. 2017-ல் பெய்ஜிங்கிலும் அமெரிக்காவின் போர்ட்லண்டிலும், உறையவைத்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களே வந்துவிட்டன. நடுவில் தண்டும் நாலு இறக்கையுமாக சீலிங் ஃபேன் ஜாடை. அளவில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. கிர் என்பது 390 அமினோ அமிலம் கோத்த சரம். சர் சுமார் 1,580. குள்ளனும் நெட்டையனும். இரண்டுக்குமான மரபணுக்கள் பதினோராவது குரோமோசோமில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. பொடிசுகள் ஒன்றாக வேலைக்குப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று இயற்கை நினைத்திருக்கலாம். எனக்கு அப்படி நம்பத்தான் பிடித்திருக்கிறது.

அண்ணாச்சி விடவில்லை. கணக்கப்பிள்ளை புத்தி. "எட்டு உருப்படியும் தனித்தனியாத்தான தயாராவுது? நாலுக்குப் பதிலா மூணு வந்தா? நெட்டையன் வராம குள்ளன் மட்டும் கிளம்பிட்டா? கேட்டுல யாரு செக் பண்ணுதா?"

அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டில் பெட்டி ஒட்டி ஆபீஸில் கொண்டுபோய்ப் போடுவார்கள். கணக்கு குரோஸில், 144 பெட்டி ஒரு குரோஸ். மேல்பெட்டி இருந்து உள்பெட்டி இல்லாவிட்டால், இரண்டும் இருந்து இடுக்கில் நிற்காவிட்டால், கணக்கப்பிள்ளை ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். அண்ணாச்சி தள்ளிய பெட்டிகளைப் பற்றி ஊரில் இன்றும் சில மதினிமார்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவர் கேட்ட கேள்வி அதனால் அனுபவக் கேள்வி. இதற்கு விடை கிடைத்தது 1999-ல். எனக்கு இந்த முழுக்கதையிலும் ரொம்பப் பிடித்த இடம் இது.

செல்லுக்குள் புரதங்கள் மடிந்து உருவாகும் பட்டறைக்கு எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று வாயில் நுழையாத பேர். நாம் பட்டறை என்றே சொல்வோம். சான்ஃப்ரான்சிஸ்கோவில் லிலி ஜான், யூ நங் ஜான் தம்பதியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கிர் சரத்தில் ஓரிடத்திலும், சர் சரத்தில் ஓரிடத்திலும், ஆர்ஜினின், லைசின், ஆர்ஜினின் என்று மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த மூன்றுக்கும் அர்த்தம், 'என்னை வெளியே விடாதே.' இது ஒட்டின சீட்டோடு எந்தத் துண்டு பட்டறை வாசலுக்கு வந்தாலும் உள்ளே திருப்பி அனுப்பப்படும்.

துண்டுகள் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்தும்போது, ஒருத்தன் சீட்டை இன்னொருத்தன் உடம்பு மறைத்துவிடுகிறது. எட்டுத் துண்டு, எட்டுச் சீட்டு. எட்டும் மறைந்தால்தான் வாசலைத் தாண்ட முடியும். ஒரு சர் குறைந்தாலும் எங்கேயோ ஒரு சீட்டு எட்டிப் பார்க்கும், வண்டி நின்றுவிடும்.

இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். வாசலில் நிற்கிறவனுக்கு முழுக் கதவு எப்படி இருக்கும் என்று தெரியவேண்டியதே இல்லை. எண்ணவேண்டாம், அளக்கவேண்டாம். சீட்டு தெரிகிறதா, இல்லையா? அவ்வளவுதான் அவன் உத்தியோகம். செக்கிங் வேலை மொத்தத்தையும் உருப்படிகளின் உடம்பிலேயே எழுதி வைத்தாயிற்று. ("அப்ப கணக்கப்பிள்ளைக்கு சம்பளம் மிச்சம்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் வருத்தமாக.)

சீட்டைக் கிழித்துவிட்டால் என்ன ஆகும்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள், சீட்டு இருப்பது தெரியும் முன்னாலேயே. 1997-ல் ஆஷ்கிராஃப்ட் குழு கிர் சரத்தின் வால் பக்கம் இருபது முப்பது அமினோ அமிலங்களை நறுக்கிவிட்டது. நறுக்கின துண்டில்தான் சீட்டு இருந்தது. அவ்வளவுதான், நாலு கிர் மட்டும் சேர்ந்து, நெட்டையன் துணையில்லாமல் சுவருக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த அரைக் கதவை வைத்து ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. அதையும் ஏ.டி.பி. சாத்துகிறது. அப்படியென்றால் ஏ.டி.பி. உட்காருகிற நாற்காலி கிர்ரில் இருக்கிறது. மாத்திரைக்கு முக்கியமான நாற்காலியோ சர்ரில்.

ஒரே கதவைச் சாத்த இரண்டு வழி. வாசல்பக்கம் ஏ.டி.பி. பூட்டு, கொல்லைப்பக்கம் மாத்திரைக் கொண்டி. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையின் வாழ்க்கை இதில் தொங்குகிறது.

*

பிறந்து ஒரு மாசம், இரண்டு மாசம், மூன்று மாசம். குழந்தை பாலைக் குடிக்கிறது, எடை ஏறவில்லை. துணியெல்லாம் ஈரம். ஒருநாள் மூச்சு வாங்குகிறது, துவண்டுவிடுகிறது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. கைக்குழந்தைக்குச் சர்க்கரை வியாதி! 'அம்மா ஸ்வீட் தின்னாளா', 'எந்த ஜென்மத்துப் பாவமோ' என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவருவார்கள். அந்தப் பெண்ணுக்கு அதுதான் இரண்டாவது அடி.

லட்சம் பிறப்புக்கு ஒன்று என்கிற அளவில் வருகிற அபூர்வ நோய் இது. முன்பெல்லாம் இதையும் மற்றக் குழந்தைகளுக்கு வருகிற டைப் 1 சர்க்கரை என்றே நினைத்தார்கள். டைப் 1 என்பது உடம்பே தன் பீட்டா செல்களை அழித்துவிடுகிற நோய். சரக்கும் இல்லை, கிடங்கும் இல்லை. ஆயுசுக்கும் இன்சுலின் ஊசி. விரல் கனத் தொடையில் தினம் சில ஊசி என்று அந்தத் தாய் தகப்பனிடம் சொல்லிவிடுவார்கள்.

2004-ல் இங்கிலாந்தின் எக்ஸிடரிலிருந்து அன்னா குளோயின், ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லி குழு ஒரு செய்தி வெளியிட்டது. பிறந்த சில மாதங்களில் நிரந்தரமாகச் சர்க்கரை வந்த 29 பேரின் மரபணுவைப் படித்ததில் 10 பேருக்கு கிர் 6.2-ல் எழுத்துப் பிழை. உதாரணத்துக்கு, 390-ல் 201-ஆவது இடம். ஆர்ஜினின் இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஆள். ஒரே ஒரு எழுத்து. கதவு ஒழுங்காகக் கோக்கப்படுகிறது, சீட்டுகள் மறைகின்றன, சுவருக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் ஏ.டி.பி. பூட்டு பிடிப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, ரொக்கம் குவிகிறது, கதவு மட்டும் ஆவென்று திறந்தே இருக்கிறது. செல்லுக்குள் இன்சுலின் பைகள் அடுக்கினது அடுக்கினபடி.

புரிகிறதா? இந்தக் குழந்தைக்குச் சரக்கு இருக்கிறது. கிடங்கு இருக்கிறது. உத்தரவு மட்டும் வரவில்லை.

வாசல் பூட்டு பிடிக்காவிட்டால் கொல்லைக் கொண்டியைப் போட்டால் என்ன? போட்டார்கள். 2006-ல் வந்த முடிவு: இந்தப் பிழை உள்ள 49 பேருக்கு சல்ஃபோனில்யூரியா மாத்திரை கொடுத்ததில் 44 பேர் ஊசியை அடியோடு நிறுத்திவிட்டார்கள். கைக்குழந்தை முதல் முப்பது வயது தாண்டியவர்கள் வரை அதில் இருந்தார்கள். சர்க்கரைக் கட்டுப்பாடும் ஊசி போட்ட காலத்தைவிட நன்றாக இருந்தது. பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து 2018-ல் எழுதினார்கள். கவனித்த 81 பேரில் 75 பேர் அதே மாத்திரையில்தான், ஊசி இல்லாமல். எடைக்குத் தகுந்தபடி பார்த்தால் பெரியவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிக டோஸ் தேவைப்படுகிறது. இருந்தாலும் தாத்தாவின் சட்டைப் பையில் இருக்கிற அதே குடும்பத்து மாத்திரைதான்.

நம் ஊரில்? சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் டாக்டர் வி. மோகன், மரபணுப் பிரிவில் டாக்டர் ராதா வெங்கடேசன், இவர்களோடு மற்றவர்களும் சேர்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வயசுக்குள் சர்க்கரை வந்த 33 இந்தியக் குழந்தைகள். மூன்று மரபணுக்களைப் படித்ததில் 12 பிழைகள் அகப்பட்டன. சர்ரில் 7, கிர்ரில் 3, இன்சுலின் மரபணுவிலேயே 2. எக்ஸிடரின் முதல் பட்டியலில் கிர் முன்னால் நின்றது, நம் பட்டியலில் சர். சர்ரின் 212-ஆவது இடத்தில் இருந்த ஒரு பிழை அதுவரை உலகத்தில் யாரும் எழுதாதது. அந்தப் பிழை உள்ள குழந்தையையும், கதவில் வேறு பிழைகள் உள்ள இன்னும் சில குழந்தைகளையும் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றினார்கள். நடந்தது. இந்தியாவில் இந்த நோய்க்கு இவ்வளவு பெரிய மரபணுச் சோதனை அதுதான் முதல்.

எல்லாருக்கும் பலிக்கிறதா? இல்லை. இன்சுலின் மரபணுவிலேயே பிழை என்றால் சரக்கே மோசம், கதவைச் சாத்திப் பிரயோஜனமில்லை. கிர் பிழையிலும் சில ரொம்பக் கடுமையானவை. இதே கதவு மூளையிலும் இருப்பதால் அந்தக் குழந்தைகளுக்கு வலிப்பும் வளர்ச்சித் தாமதமும் சேர்ந்து வரும். அவர்களிடம் மாத்திரை கொஞ்சம்தான் எடுபடும், சிலரிடம் எடுபடாது. எந்த எழுத்து தப்பு என்று படிக்காமல் இதை யூகிக்க வழியில்லை.

மாத்திரையின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன், சுவாரஸ்யம். 1942-ல் பிரான்ஸில் மோன்பெலியே நகரத்தில் மார்செல் ஜான்போன் என்ற டாக்டர் டைபாய்டு நோயாளிகளுக்குப் புது சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்தார். காய்ச்சலுக்குக் கொடுத்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. அதே ஊரின் ஒகுஸ்த் லூபாத்தியேர் நாய்களிடம் சோதித்து, கணையத்தை எடுத்துவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று காட்டினார். மருந்து கணையத்தைத்தான் தட்டி எழுப்புகிறது. எப்படி என்று அவருக்குத் தெரியாது. உலக யுத்தத்தின் நடுவில் டைபாய்டுக்குப் பார்த்த மருந்தின் வாரிசு, அறுபத்துச் சொச்சம் வருஷம் கழித்துக் கைக்குழந்தையின் ஊசியை நிறுத்தும் என்று அவர் எங்கே கண்டார்!

*

கதவு சாத்தாத கதை இது. கதவே வந்து சேராத கதையும் உண்டு. அதில்தான் பட்டறைச் சீட்டு மறுபடி வருகிறது.

சர்ரில் உள்ள சில பிழைகளால் துண்டு சரியாக மடிவதில்லை. மடியாவிட்டால் பொருத்தமில்லை, பொருத்தமில்லாவிட்டால் சீட்டு மறைவதில்லை. பட்டறையிலேயே நின்றுவிடுகிறது. சுவரில் கதவே இல்லை. பொட்டாசியம் கசிய வழியில்லை, மைனஸ் ஏறவில்லை, கால்சியம் எந்நேரமும் உள்ளே. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இந்தக் குழந்தைக்குச் சர்க்கரை ஏறாது, இறங்கும். மூளைக்குக் குளுகோஸ்தான் பிரதான தீனி. சில மணிநேரம் பட்டினி போட்டால் வலிப்பு வரும், கவனிக்காமல் விட்டால் நிரந்தரச் சேதம். தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று இரண்டு பிரதியிலும் பிழை இருந்தால் கடுமையாக வருகிற வகை இது. அதனால் அக்கா மகள், மாமன் மகள் என்று நெருங்கிய உறவில் முடிக்கும் சமூகங்களில் அதிகம் தென்படுகிறது. நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னைக் குழு 2014-ல் இந்த நோயிலும் சர் மரபணுவின் புதிய பிழைகளை இந்தியக் குழந்தைகளிடம் கண்டு எழுதியிருக்கிறது.

டயஸாக்ஸைடு என்று ஒரு மருந்து இருக்கிறது. கதவைத் திறக்கும். சுவரில் கதவு இருந்தால்! கதவு பட்டறையிலேயே கிடந்தால் எதைத் திறக்கும்? அந்த மாதிரிக் குழந்தைகளுக்குக் கணையத்தில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கவேண்டி வருகிறது. வெட்டினபின் சிலருக்குக் காலப்போக்கில் சர்க்கரை வியாதி வந்து நிற்கும். தாழ்விலிருந்து தப்பி உயர்வில் மாட்டுவது.

இங்கே ஒரு விசித்திரம். போர்ட்லண்டில் ஷோ லிங் ஷியங் என்பவரின் ஆராய்ச்சிக்கூடம் சில சர் பிழைகளோடு செல்களை வளர்த்து அதில் நம் பழைய கிளிபென்கிளமைடைப் போட்டது. கதவைச் சாத்துகிற மாத்திரைதானே, இங்கே என்ன வேலை? அது பட்டறைக்குள்ளேயே போய் சர்ரைப் பிடித்துக்கொண்டது. தப்பாக மடிந்த துண்டு, பிடிமானம் கிடைத்ததும் ஒழுங்காக நின்றது. சீட்டு மறைந்தது. கதவு சுவருக்கு வந்துவிட்டது. பந்தல்கால் நட்டு முடிகிறவரை ஒருத்தர் பிடித்துக்கொள்வாரே, அந்த வேலை. சிக்கல் என்னவென்றால் பிடித்த கையை அவர் விடமாட்டேன் என்கிறார். மாத்திரை ஒட்டியே இருந்தால் கதவு சாத்தியே கிடக்கும். 2013-ல் அதே கூடம் வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசபைனும் இந்தப் பந்தல்கால் வேலையைச் செய்வதாகக் காட்டியது. இதெல்லாம் சோதனைக்கூடத்தின் செல்களில். பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற மருந்து ஒன்றுதான் தேடல்.

"அப்ப மூதேவி மாத்திரை ஒண்ணுதான் ரெண்டு வேலையும் பாக்குதா?" என்றார் அண்ணாச்சி. மரியாதையாகத்தான் சொன்னார்.

அவருக்கு அதற்குமேல் பொறுமை இல்லை, காரியத்துக்கு வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த வீட்டில் ஒரு பையன். பிறந்து நாலு மாசத்தில் சர்க்கரை கண்டுபிடித்து, இப்போது காலேஜ் முடித்து வேலைக்குப் போகிறான். இன்னும் ஊசிதான். "அவனுக்கெல்லாம் இனிமே பாத்து என்ன?"

பார்க்கவேண்டும் என்றேன். ஆறு மாசத்துக்குள் சர்க்கரை வந்த எவருக்கும், இப்போது அவருக்கு வயசு எத்தனை ஆனாலும், மரபணுச் சோதனை செய்யவேண்டும் என்பதுதான் இன்று டாக்டர்களின் விதி. ஆறு மாசம் தாண்டி வந்தவர்களில் பெரும்பாலோர் டைப் 1, அவர்களுக்கு இந்த மாத்திரைக் கதை பொருந்தாது.

"பெரிய ஆபரேஷனா?"

"கொஞ்சம் ரத்தம், அண்ணாச்சி. சர்க்கரை டாக்டர் எழுதிக் கொடுத்தா லேபுக்குப் போகும். எழுத்து எழுத்தாப் படிச்சு ரிசல்ட் வர சில வாரம் ஆகலாம்."

"அதுவரைக்கும் நாமளே ஒரு டயோனிலைப் போட்டுப் பாத்தா?"

"கூடவே கூடாது. ரிசல்ட் வர வரைக்கும் ஊசியை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. மாத்தறதுன்னாலும் டாக்டர் கண்ணு முன்னால, சர்க்கரையை மணிக்கணக்கா அளந்துகிட்டுத்தான் மாத்துவாங்க."

அண்ணாச்சி பையிலிருந்து டைரியை எடுத்தார். கணக்கப்பிள்ளைக் கையெழுத்தில், 'ஆறு மாசம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். எந்த டாக்டரிடம் முதலில் போகவேண்டும் என்று கேட்டார்.